ஸ்ட்ராங் காபி கசக்க வேண்டியதில்லை: கஃபேயிலும் வீட்டு இனிப்பிலும் நல்ல காபிக்கு ஒரு வழிகாட்டி

கஃபே மெனுவைப் பார்த்து மிரள்வது, வீட்டில் போட்ட காபி வாயில் வைக்க முடியாமல் போவது, ஆசையாகச் செய்த காபி கேக்கில் காபி வாசமே வராமல் போவது என்று புதிதாக வருபவர்கள் படும் சிரமங்களுக்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. ஸ்ட்ராங் வேறு, கசப்பு வேறு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஸ்ட்ராங் என்றால் அந்தக் கப்பில் காபி அதிகமாகக் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். கசப்பு அதிகமானால் ஒன்று, கொட்டையைக் கருகும் வரை வறுத்திருக்கிறார்கள். அல்லது தூளிலிருந்து இறங்கக்கூடாததையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள்.

சூடான தண்ணீர் தூளில் பட்டதும் முதலில் இறங்குவது புளிப்பு. அடுத்து இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் கடைசியில்தான் வரும். சீக்கிரம் நிறுத்தினால் காபி வெறும் புளிப்பாக, நீர்த்துப்போய் இருக்கும். ரொம்ப நேரம் விட்டால் நாக்கு வறண்டுபோகிற மாதிரி கசக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, புளிப்பும் இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற இடம். அதைப் பிடிப்பதுதான் காபி போடுகிறவரின் வேலை, அதைக் கண்டுகொள்வது குடிக்கிறவரின் வேலை. அதனால் காபி ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தை இழுக்காதீர்கள். கீழே வருவதில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறப்பதுதான்.

முதலில் நாக்கைப் பழக்குங்கள்

மெஷின் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. இரண்டு வேறு காபிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். தனியாக ஒரு காபியைக் குடித்தால் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்பதற்கு மேல் சொல்ல வராது. இரண்டை மாற்றி மாற்றிக் குடிக்கும்போதுதான் எது புளிக்கிறது, எது கனமாக இருக்கிறது என்று தானாகவே தெரியும். நண்பரோடு கஃபேக்குப் போனால் ஆளுக்கொன்று வேறு வேறாக வாங்கிப் பகிர்ந்து குடியுங்கள், செலவும் கூடாது.

சர்க்கரை போடாமல் இரண்டு மூன்று வாய் குடித்துப் பாருங்கள். முதல் வாயை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அது நாக்கைத் தயார்படுத்த மட்டும். கொஞ்சம் சத்தமாக உறிஞ்சிக் குடித்தால் காற்றோடு சேர்ந்து வாசனை மூக்குக்கு ஏறும், காபியைத் தொழிலாகச் சுவைத்துப் பார்ப்பவர்களும் கரண்டியில் எடுத்து அப்படித்தான் உறிஞ்சுவார்கள். அப்புறம் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள்: புளிப்பு எப்படி, இனிப்பு இருக்கிறதா, கசப்பு எவ்வளவு, வாயில் கனமா லேசா. மெனுவில் எழுதியிருக்கும் மல்லிகை, நாரத்தை, கருப்பு திராட்சை எல்லாம் உங்களுக்குத் தெரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. அவை சாயல்கள். முன்னமே அறிந்த வாசனையைத்தான் நாக்கு அடையாளம் காணும், அதனால் ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்று, கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடு மட்டும்தான் தெரியும். ஆறி வெதுவெதுப்பாகும்போது இனிப்பும் புளிப்பும் தெளிவாக வெளியே வரும். நல்ல காபி ஆற ஆற நன்றாக இருக்கும், மோசமான காபியின் குறைகளும் அப்போதுதான் பல்லைக் காட்டும். ருசி பார்த்த பிறகு சர்க்கரை வேண்டுமென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கொட்டையைப் பற்றித் தெரிய வேண்டியது

உலகத்தில் விற்கும் காபியில் ஏறக்குறைய முழுவதும் இரண்டு இனங்கள்தான், அரபிகாவும் ரொபஸ்டாவும். அரபிகாவில் இனிப்பும் புளிப்பும் வாசனையும் கூடுதல். ரொபஸ்டாவில் கனமும் கசப்பும் கூடுதல், கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரொபஸ்டா என்றாலே மட்டம் என்று சொல்கிறவர்களை அப்படியே நம்ப வேண்டாம். பாலோடு குடிக்கும் காபியில், நுரை நன்றாக நிற்க வேண்டிய எஸ்பிரெஸ்ஸோவில் (அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி), நல்ல ரொபஸ்டா கொஞ்சம் கலந்திருப்பது ருசிக்கு உதவும்.

வறுவலில் மூன்று படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இளவறுவலில் கொட்டை விளைந்த மண்ணின் குணமும் பழத்தின் புளிப்பும் மேலோங்கும். நடுவறுவலில் கேரமல், கொட்டைப் பருப்பு மாதிரியான ருசிகள் வரும். கருவறுவலில் வறுத்த நெடியும் கசப்பும்தான் முன்னே நிற்கும், எந்த ஊர்க் கொட்டையாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் நடுவறுவலைத்தான் சொல்வேன், கருப்பாகக் குடித்தாலும் நன்றாக இருக்கும், பால் சேர்த்தாலும் தாங்கும், இனிப்பு செய்யவும் ஒத்துவரும். பையில் "நேச்சுரல்" என்று போட்டிருந்தால் பழத்தோடு சேர்த்து உலர்த்தியது, பழவாசனை தூக்கலாக இருக்கும். "வாஷ்டு" என்றால் சதையை நீக்கிக் கழுவி உலர்த்தியது, ருசி சுத்தமாக, நேராக இருக்கும்.

பையில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வறுத்த உடனே கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும், அது தண்ணீரைத் தூளுக்குள் சரியாக இறங்க விடாது, அதனால் சில நாள் விட்டுக் குடிப்பது நல்லது. பிறகு ஒரு மாதம் வரை அருமையாக இருக்கும். முழுக்கொட்டையாக வாங்கிக் குடிக்கும் நேரத்தில் அரைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறில்லை, ஏனென்றால் அரைத்ததும் வாசனை நிமிடக் கணக்கில் பறக்கத் தொடங்குகிறது. காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம், ஈரமும் மற்ற சாப்பாட்டு வாசனையும் ஏறிவிடும்.

கஃபேயில் என்ன கேட்பது

மெனு எவ்வளவு நீளமாக இருந்தாலும் முக்கால்வாசி எஸ்பிரெஸ்ஸோவும் பாலும் என்ன அளவில் சேர்கின்றன என்பதுதான். நைசாக அரைத்த 18 கிராம் தூளில், சுமார் 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரைச் செலுத்தி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறக்குவது இன்றைக்குப் பல கடைகளில் வழக்கமான டபுள் எஸ்பிரெஸ்ஸோ. மேலே நிற்கும் பொன்னிறப் படலம்தான் க்ரீமா. 1901-ல் லூயிஜி பெட்ஸெரா காப்புரிமை எடுத்த மெஷினில் நீராவி அழுத்தம்தான், அது குறைவு, அதனால் க்ரீமா கிடையாது. அக்கிலே காஜ்ஜியாவின் நெம்புகோல் மெஷின் 1940-களின் கடைசியில் வந்த பிறகுதான் இந்தப் படலம் எஸ்பிரெஸ்ஸோவின் அடையாளம் ஆனது.

எஸ்பிரெஸ்ஸோ குடிப்பதென்றால் முதலில் ஒரு வாய் தண்ணீர். பிறகு கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள், அடியில் கெட்டியாகவும் மேலே லேசாகவும் அடுக்கடுக்காக இறங்கியிருக்கும், கலக்காமல் குடித்தால் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அதில் வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ. ஒரு சொட்டுப் பால்நுரை மட்டும் வைத்தால் மக்கியாட்டோ. 150 முதல் 180 மில்லி கப்பில், நல்ல நுரையோடு வந்தால் கப்புசினோ. ஏறக்குறைய அதே அளவில் நுரையை மெல்லியதாக்கிக் காபியை முன்னே நிறுத்தினால் ஃப்ளாட் வைட். இன்னும் நிறையப் பால் சேர்த்தால் லாட்டே, சாக்லேட்டும் சேர்ந்தால் மோக்கா. கடைக்குக் கடை அளவு மாறும், அதனால் பெயரைவிட "இதில் எத்தனை ஷாட், எவ்வளவு பால்" என்று கேட்பதுதான் பயன் தரும் (ஷாட் என்றால் ஒரு அளவு எஸ்பிரெஸ்ஸோ). பல கடைகளில் சின்னக் கப்பிலும் பெரிய கப்பிலும் ஷாட் ஒன்றுதான், பெரியதை வாங்கும்போது கூடுவது பால் மட்டுமே. ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் சின்னக் கப்பைக் கேளுங்கள்.

சரி, முதல் தடவை போகிறவர் எதை வாங்கலாம்? பால்காபி பழகியவர் என்றால் கப்புசினோவிலோ ஃப்ளாட் வைட்டிலோ தொடங்குங்கள், சர்க்கரை போடாமல் பாருங்கள். பாலைச் சரியாக 55 முதல் 65 டிகிரிக்குள் சூடாக்கினால் அதன் சொந்த இனிப்பே நாக்குக்கு நன்றாகத் தெரியும். "ரொம்பச் சூடா வேணும்" என்று கேட்டால் 70 டிகிரிக்கு மேல் போய்ப் பாலில் வெந்த வாடை ஏறும், நுரையும் உடையும். கருப்பாகக் குடிக்க ஆசை என்றால் எஸ்பிரெஸ்ஸோவில் தொடங்காதீர்கள், கையால் ஊற்றி இறக்கும் போர் ஓவர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது லேசாக, தெளிவாக இருக்கும், கொட்டைகளுக்குள்ளே இருக்கும் வித்தியாசத்தை அதைப் போல வேறெதுவும் காட்டாது.

கஃபேயில் காபி போடும் பாரிஸ்டாவிடம் பேசத் தயங்க வேண்டாம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் போதும். "எனக்குப் புளிப்பு அதிகம் பிடிக்காது, இன்னைக்கு என்ன கொட்டை இருக்கு?" என்று ஒரு வரி சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். வந்த காபி சுள்ளென்று புளித்தாலோ கருகிய ருசி அடித்தாலோ அமைதியாகச் சொல்லுங்கள். அரைவை நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும், வேலையில் அக்கறை உள்ள பாரிஸ்டா அதைத் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார். கடை எப்படி என்று ஒரு பார்வையில் கணிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பால் காய்ச்சும் நீராவிக் குழாயை ஒவ்வொரு முறையும் துடைக்கிறார்களா என்று. காய்ந்த பால் அதில் ஒட்டியிருந்தால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்ந்த காபியில் ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ்டு காபி சூடாகப் போட்டுக் குளிர வைத்தது, புளிப்பும் வாசனையும் அதில் இருக்கும். கோல்டு ப்ரூ குளிர்ந்த தண்ணீரிலேயே பல மணி நேரம் ஊறியது, மெத்தென்று, புளிப்பும் கசப்பும் அடங்கி இருக்கும்.

வீட்டில் போடுவது

தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண சமையல் தராசு போதும், விலை உயர்ந்த எந்த மெஷினையும்விட அது உங்கள் காபியை முன்னேற்றும். தொடக்க அளவு 1000 மில்லி தண்ணீருக்கு 60 கிராம் தூள். ஒரு ஆளுக்கு 250 மில்லிக்கு 15 கிராம். கரண்டிக் கணக்கு நம்பத்தக்கது அல்ல, இளவறுவல் தூள் கனம், கருவறுவல் தூள் லேசு, ஒரே கரண்டியில் எடை மாறிவிடும்.

எதில் போடுவது என்று கேட்டால், புதியவருக்கு ப்ரெஞ்ச் பிரஸ், தூளை ஊற வைத்து வலையால் கீழே அழுத்தி வடிக்கும் ஜாடி. தப்புப் பண்ணுவது கஷ்டம். 30 கிராம் தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு, கொதித்து அரை நிமிடம் ஆறிய 500 மில்லி தண்ணீரை ஊற்றி, 4 நிமிடம் விடுங்கள். மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் ஒருமுறை கலக்கி, நுரையை வழித்துப் போட்டுவிட்டு, இன்னும் சில நிமிடம் பொறுத்தால் தூள் தானே அடியில் படியும். பிறகு மெதுவாக அழுத்தி ஊற்றுங்கள். எல்லாவற்றையும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், தூளோடு விட்டால் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும்.

காகித வடிகட்டி வைத்து இறக்குவது அடுத்த படி. 1908-ல் ட்ரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி காபியில் மண்டி வராமல் இருக்க இதற்குக் காப்புரிமை பெற்றார், இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. வடிகட்டியை வெந்நீரில் நனைத்துவிட்டு, 15 கிராம் தூளில் முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி அரை நிமிடம் காத்திருங்கள். தூள் உப்பிக் குமிழிட்டால் வாயு வெளியேறுகிறது, காபி புதுசு என்று அர்த்தம். மீதியை இரண்டு மூன்று தவணையாக வட்டமாக ஊற்றுங்கள். மொத்தம் 3 நிமிடம் பக்கத்தில் முடிந்தால் சரி.

இனிப்பு செய்யும் ஆசை இருந்தால் மோக்கா பாட் ஒன்று இருப்பது நல்லது, 1933-ல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த, அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் அந்த எட்டுப் பட்டைப் பாத்திரம்தான். எஸ்பிரெஸ்ஸோ அளவு அழுத்தம் இதில் வராது, ஆனால் கெட்டியான டிகாக்‌ஷன் கிடைக்கும். கீழ்ப்பாத்திரத்தில் வால்வுக்குக் கீழ் வரை சூடான தண்ணீர், தூளை நிரப்பி மட்டப்படுத்தினால் போதும், அழுத்தக்கூடாது. தீ சின்னதாக. மேலே காபி வந்து கர்புர் என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி நிறுத்திவிடுங்கள். அந்தச் சத்தத்தோடு வரும் கடைசிக் கொஞ்சத்தில்தான் கசப்பெல்லாம் இருக்கிறது.

திருத்துவது எளிது. புளித்து நீர்த்திருந்தால் அடுத்த முறை இன்னும் நைசாக அரையுங்கள். கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். ருசி சரியாக இருந்து வெறுமே ஸ்ட்ராங் போதவில்லை என்றால் மட்டும் தூளைக் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

காபி இனிப்புகள்

சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் காபியை அமுக்கிவிடும், குளிர்ச்சி அதற்கு மேலும் அமுக்கும். குடிக்கும் அளவில் போட்ட காபியை ஐஸ்கிரீமிலோ கேக்கிலோ ஊற்றினால் நிறம் வரும், ருசி வராது. அதனால் இனிப்புக்கான காபி குடிப்பதைப் போல இரண்டு மடங்காவது கெட்டியாக இருக்கட்டும், அதே நேரத்தில் கசக்கவும் கூடாது. இங்கேதான் தொடக்கத்தில் சொன்னது முழுப் பலன் தரும்: அரைவையையும் நேரத்தையும் அப்படியே விட்டு, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க எளியது அஃபோகாடோ. கிண்ணத்தை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஒரு பெரிய உருண்டை வனிலா ஐஸ்கிரீம் போட்டு, சாப்பிடும் நொடியில் 30 முதல் 40 மில்லி சூடான எஸ்பிரெஸ்ஸோவோ மோக்கா பாட் காபியோ ஊற்றுங்கள். காபியில் சர்க்கரை வேண்டாம், ஐஸ்கிரீமின் இனிப்புக்கு அதுதான் எதிர்ச்சுவை.

கிரானிட்டாவுக்கு மெஷின் எதுவும் தேவையில்லை. 500 மில்லி கெட்டிக் காபியில் 100 கிராம் சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்து, ஆறியதும் தட்டையான பாத்திரத்தில் ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கொரு முறை முள்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் பனித்துகள் மாதிரி உதிரும். சர்க்கரையைக் குறைக்க ஆசை வரும், குறைத்தால் கட்டியாக உறைந்துவிடும், அதனால் முதல் தடவை அளவை அப்படியே வையுங்கள்.

காபி ஜெல்லிக்கு அகர் அகர் நல்லது, சைனா கிராஸ் என்றும் விற்பார்கள். காபியைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும் என்பதால், 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் அகர் தூளையும் 50 கிராம் சர்க்கரையையும் சேர்த்து இரண்டு நிமிடம் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு 400 மில்லி சூடான கெட்டிக் காபியை ஊற்றிக் கலக்குங்கள். காபி சூடாகவே இருக்க வேண்டும், குளிர்ந்ததை ஊற்றினால் அகர் அங்கங்கே திரிந்து உறைந்துவிடும். துண்டு போட்டு மேலே கிரீம் ஊற்றிக் கொடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கொட்டையை அப்படியே கிரீமில் ஊற வைப்பது. 250 மில்லி கிரீமில் 25 கிராம் முழுக்கொட்டையை லேசாகத் தட்டிப் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் சர்க்கரையோடு அடித்தெடுங்கள். கிரீம் வெள்ளையாகவேதான் இருக்கும், வாயில் வைத்தால் காபி. கசப்பு ஏறக்குறைய இல்லை. கேக்கின் மேல், பழத்தோடு, எதனோடும் சேரும்.

கேக்கில் இரண்டு வழி. சாக்லேட் கேக்காக இருந்தால் செய்முறையில் சொல்லும் தண்ணீருக்குப் பதில் அதே அளவு சூடான கெட்டிக் காபியை ஊற்றிக் கோகோவை அதில் கரையுங்கள். காபி தனியாகத் தெரியாது, சாக்லேட் ஆழமாகும். வெண்ணெய் ஐசிங், குக்கீஸ் மாதிரி ஈரம் சேர்க்கக் கூடாத இடங்களில் இன்ஸ்டன்ட் காபிதான் சரி, அதை மட்டமாக நினைக்க வேண்டாம். இரண்டு டீஸ்பூனை ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கரைத்தால் ஈரம் அதிகம் சேராமல் காபி ருசி முழுசாக வந்துவிடும். சாதாரண காபித்தூளை அப்படியே கலந்தால் கரையாது, பல்லில் நறநறக்கும்.

காபியில் முக்கிய பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்கும் இத்தாலிய இனிப்பான திராமிசு செய்யத் துணிந்தால் காபி நன்றாக ஆறியிருக்கட்டும், பிஸ்கட்டை ஒரு விநாடி முக்கித் திருப்பி எடுத்துவிடுங்கள், ஊற விட்டால் கூழாகிவிடும். வழக்கமான செய்முறையில் பச்சை முட்டை சேரும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் சாப்பிடுவதாக இருந்தால் முட்டையை விட்டு, அடித்த கிரீமை மஸ்கார்போனே என்ற மென்மையான சீஸோடு கலந்துகொள்ளுங்கள்.

இனிப்பில் இருக்கும் கஃபீனும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமாராக 5 மணி நேரம் ஆகும், அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாறப்போகும் அஃபோகாடோவையும் கிரானிட்டாவையும் கஃபீன் நீக்கிய கொட்டையில் செய்யுங்கள், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது. மீந்த காபியைக் கொட்ட வேண்டாம், ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் அடுத்த நாள் குளிர்ந்த பாலில் போட்டுக் குடிக்கலாம், உருக உருக ஸ்ட்ராங் ஆகும்.